அழிக்கச் சொன்ன பாட்டு

வெள்ளிக்கிழமைகளில் ஆம்பூரின் தோல் பதனிடும் டேனரிகளுக்கும் ஷூ ஃபேக்டரிகளுக்கும் விடுமுறை. மற்ற நாட்களில் எதிர்ச் சந்தில் ஓயாமல் உருளும் மர டிரம்கள் அன்று ஒருநாள் வாயை மூடிக்கொண்டிருக்கும். அதனால்தான் கமலவேணியின் எட்டுப் பாட்டுகளும் வெள்ளிக்கிழமைகளில் பதிவாயின.

மாடி அறையின் சுவரெல்லாம் கோணிப்பையும் பழைய ஜமக்காளமும் தொங்கும். கதவின் உள்பக்கத்தில், கணவன் சம்பத் தன் ஷூ ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்து அடித்த கழிவுத் தோல் துண்டுகள். மின்விசிறி சத்தம் விழும் என்பதால் அதையும் நிறுத்திவிட்டு, வேர்த்துக் கொட்டிக்கொண்டு பதிவு செய்த பாட்டுகள் அவை.

வரிகளும் மெட்டும் கமலவேணியுடையவை. பாடியவள் நாத்தனார் தனகோடி. பக்கத்துத் தெரு மக்பூல் அகமது புல்புல்தாரா வாசித்தார். ஒரு டேப் ரெக்கார்டரில் வாத்தியத்தைப் பதிந்து, அதை ஓடவிட்டு, அதன்மேல் தனகோடியைப் பாடச் சொல்லி, இரண்டையும் சேர்த்து இன்னொரு டேப் ரெக்கார்டரில் பிடிக்கும் வித்தையைச் சம்பத் தானாகவே கற்றுக்கொண்டிருந்தான்.

இன்று பதிவு இல்லை. விருந்தாளி வருகிறார்.

சம்பத் மெட்ராஸ் போய் ஒரு கேசட் கம்பெனியில் பாட்டுகளைக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். பிடித்திருக்கிறது, நேரில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று ஃபேக்டரிக்குப் போன் வந்தது. கோதண்டபாணி என்பவர் பிற்பகல் ரயிலில் வருவதாக ஏற்பாடு. கம்பெனி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். பாட்டு இதுவரை வெளியில் எங்கும் வந்திருக்கக் கூடாது.

கமலவேணி காலையிலேயே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காய் வாங்க வந்துவிட்டாள். மகள் லீவுக்கு அரக்கோணத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் வீட்டில் கைக்கு ஆள் இல்லை. முருங்கைக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள், வழக்கம்போல் மனசுக்குள் ஒரு பாட்டு ஓடுவதாகத்தான் முதலில் நினைத்தாள்.

*பாலாத்து மணலை ரெண்டு கை தோண்டு*
*பளிங்காட்டம் தண்ணி வரும்...*

காய்காரி தலையை ஆட்டிக்கொண்டே கூட முணுமுணுத்தபோதுதான் கமலவேணியின் கை நின்றது.

"இந்தப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு நாளா அதோ அந்தக் கடையில இதுதானேம்மா ஓடுது. நல்லாக்கீது இல்ல?"

ஒரு கணம் நெஞ்சு நிறைந்துபோனது. முகம் தெரியாத ஒருத்தி தன் பாட்டைப் பாடுகிறாள். மறுகணமே கம்பெனியின் நிபந்தனை நினைவுக்கு வந்தது. இந்தப் பாட்டு இங்கே எப்படி வந்தது? மெட்ராஸ் கம்பெனிக்காரன் இன்னும் ரயிலே ஏறியிருக்க மாட்டானே.

இரண்டாம் சரணத்துக்கு முன்னால் புல்புல்தாரா ஒரு தட்டு முந்திக்கொண்டு நுழைந்தது. அதற்குத் தனகோடி சிரிப்பை அடக்கிக்கொண்டு மூச்சிழுக்கும் சத்தமும் கேட்டது.

கமலவேணிக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. இது மெட்ராஸுக்குப் போன பதிவு அல்ல. அதில் இந்தத் தப்பு கிடையாது. எட்டுப் பாட்டையும் அவர்கள் இரண்டு முறை பதிந்திருந்தார்கள். இரண்டாவது நன்றாக அமைந்ததும், முதல் டேப்பை அழித்துவிடச் சொன்னவள் அவள்தான். அழித்தாயிற்று என்று சம்பத்தும் சொல்லியிருந்தான்.

அழித்த டேப் கடையில் பாடுகிறது என்றால், அது வீட்டை விட்டுத்தான் வெளியே வந்திருக்க வேண்டும்.

வாஹித் பாஷாவின் ரெக்கார்டிங் கடையில் ஓர் ஆள் நிற்கத்தான் இடம். காலி கேசட்டில் கேட்ட பாட்டைப் பதிந்து கொடுக்கும் கடை. கமலவேணி நிழலில் ஒதுங்குகிறவள் போல் நின்றாள்.

"இது யாரு பாட்டு, பாய்?"

வாஹித் பாஷா சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தான். "மெட்ராஸ் சரக்கு இல்லம்மா. நம்ம ஊர்ப் பாட்டு. ஷூ ஃபேக்டரிப் பொண்ணுங்கதான் ஜாஸ்தி கேட்டு வாங்குதுங்க."

"யாரு குடுத்தது?"

"கடைக்கு எத்தினியோ பேர் வர்றாங்க." அவன் பார்வை அவள் கைப்பையில் தொடங்கி முகத்துக்கு ஏறியது. "எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். குரல் தெரிஞ்ச குரலாட்டம் இருந்திச்சு."

"வேணும்னா ஒண்ணு எடுத்துக்கங்க. பதிஞ்சு ரெடியா இருக்குது."

தன் பாட்டைத் தானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டாள் கமலவேணி. கேசட்டைப் பையில் முருங்கைக்காய்க்கு அடியில் வைத்துவிட்டு, எதுவும் இல்லாதது போல் கேட்டாள்.

"மக்பூல் பாயை உங்களுக்குத் தெரியுமா?"

"நம்ம தோஸ்துதான்," என்றவன், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டவன் போல் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அது போதுமாக இருந்தது. காய்ப்பையோடு நேராக மக்பூல் அகமதுவின் வீட்டுக்கு நடந்தாள்.

மக்பூல் அகமதுவுக்கு டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் வேலை. ஜும்மா தொழுகைக்குப் போகக் குளித்து, வெள்ளை ஜிப்பா போட்டு, அத்தர் பூசிக்கொண்டிருந்தார். கமலவேணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க தங்கச்சி. மெட்ராஸ்காரர் வந்தாச்சா?"

"இன்னும் இல்ல, பாய். பஸ் ஸ்டாண்டாண்ட நம்ம பாட்டு ஓடுது. நீங்க ஒரு தட்டு முந்தி வாசிச்சீங்களே, அந்த டேப்பு."

மலர்ந்த முகம் மெதுவாகச் சுருங்கியது. ஆச்சரியப்படுகிறவன் முகம் அப்படிச் சுருங்காது. கமலவேணி அதைக் கவனித்துக்கொண்டாள்.

"வாஹித் பாஷா உங்க தோஸ்தாமே?"

"ஆமா. அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. கேட்டேன்."

"தங்கச்சி, நான் உங்க வூட்டு மாடிக்கு வர்றேன். வாசிக்கிறேன். போயிடறேன். கேசட்டு எந்த அலமாரியில இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாது." குரல் உயரவில்லை. அத்தர் சீசாவை மூடி வைத்தார். "உங்க வாயில இருந்து இந்தப் பேச்சு வரும்னு நான் நெனைக்கல."

உள்ளே இருந்து அவர் மனைவி சைரா சொன்னாள். "சொல்லிடுங்களேன். எத்தினி நாளைக்கு வெச்சிக்கினு இருப்பீங்க?"

"நீ சும்மா இரு."

"இன்னா சொல்லணும், அக்கா?" என்று கமலவேணி உள்பக்கம் பார்த்துக் கேட்டாள்.

சைரா ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்து நின்றாள். கணவனின் முகத்தைப் பார்த்தாள். தம்ளரைக் கமலவேணியிடம் நீட்டினாள்.

மக்பூல் அகமது தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "உங்க வூட்டு விஷயத்தை வெளியில இருந்து நான் சொன்னா நல்லா இருக்காது. தனகோடியைக் கேளுங்க. அதுக்கு முன்னாடி நாலு பக்கமும் பாருங்க, தங்கச்சி. ஒரே பக்கம் பாத்துக்கினு இருக்காதீங்க."

தனகோடி.

வழியெல்லாம் அந்தப் பெயர் காதில் குத்திக்கொண்டே வந்தது. ஷூ ஃபேக்டரியில் ஓவர்டைம் என்று தனகோடி இந்த வாரம் பூராவும் லேட்டாக வந்தாள். அதே ஃபேக்டரியில் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸில் இருக்கும் சம்பத்தோ, ஆர்டர் கம்மி, ஓவர்டைமே இல்லை என்று அலுத்துக்கொண்டிருந்தான். அப்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. சாப்பிடும்போது தனகோடி முகம் கொடுத்துப் பேசி எத்தனை நாளாயிற்று? இன்று பார்த்து வாணியம்பாடியில் தோழிக்கு வளைகாப்பு என்று விடிந்ததும் கிளம்பிப் போய்விட்டாள். தன் குரலை மெட்ராஸ்காரர் கேட்க வருகிற நாளில் எந்தப் பாட்டுக்காரியாவது வளைகாப்புக்குப் போவாளா?

கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை என்று திரும்பி வந்தவளை, இங்கேயே இரு என்று கையைப் பிடித்து உட்கார வைத்தவள் கமலவேணி. ஆர்மோனியம் முன்னால் உட்கார வைத்து ஒவ்வொரு மெட்டையும் ஊட்டியவள். அந்தக் கைக்கா இந்த மரியாதை என்று நினைத்தபோது கண் கரித்தது.

வீட்டில் சம்பத் முகச்சவரம் செய்துகொண்டிருந்தான். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை நாற்காலியில் தொங்கியது.

"இன்னாங்க, அந்த மொதல் டேப்பை இன்னா பண்ணீங்க?"

"எந்த டேப்பு?"

"அழிக்கச் சொன்னேனே."

"அழிச்சாச்சே." கண்ணாடியில் இருந்து அவன் கண் நகரவில்லை. "இப்ப எதுக்கு அது?"

"நீங்களே அழிச்சீங்களா?"

"தனத்தாண்ட குடுத்தேன். அழிச்சிருக்கும். கமலா, இன்னிக்கு எதையும் கெளப்பாத. அவர் இருக்கச்ச நான் பேசிக்கிறேன். நீ காப்பியைக் கொண்டாந்து வெச்சிட்டு உள்ள போயிடு."

"நான் எதுக்கு உள்ள போவணும்? பாட்டைப் பத்தி ஏதாச்சும் கேட்டார்னா?"

சவரக்கத்தி தாடைக்குக் கீழே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது.

"கம்பெனிக்காரங்க பொம்பளைங்க நடுவுல பேசினா ஒரு மாதிரி நெனப்பாங்க. அதுக்குத்தான்."

கடையில் பாட்டு ஓடுவதைச் சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. அவள் விழுங்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் சம்பத் அவளை உள்ளே போ என்று சொன்னதில்லை. அது ஏன் என்று தெரியாமல் தன் கையில் இருக்கும் ஒரே விஷயத்தை எடுத்து நீட்டக் கூடாது என்று ஏதோ ஒன்று தடுத்தது.

அவன் ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போனதும், சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். கடையில் வாங்கிய கேசட்டை முதலில் இருந்து ஓடவிட்டாள்.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு தனகோடியின் குரல். பாடவில்லை, பேசினாள். பள்ளிக்கூட விழாவில் மேடையேறிய பிள்ளை மாதிரி, தொண்டையைச் செருமிக்கொண்டு.

"வணக்கம். இந்தக் கேசட்டுல இருக்கற எட்டுப் பாட்டும் எங்க அண்ணி கமலவேணி எழுதி மெட்டுப் போட்டது. ஆம்பூர்ல எங்க வூட்டு மாடியில பதிஞ்சது. புல்புல்தாரா மக்பூல் அகமது. டேப்பு ஓட்டினது எங்க அண்ணன் சம்பத். பாடறது தனகோடி."

பிறகு புல்புல்தாரா தொடங்கியது.

கமலவேணி டேப்பை நிறுத்தினாள். திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள். திருடியவள் என்று காலையிலிருந்து மனசில் திட்டிக்கொண்டிருந்தவள், திருட்டுப் பொருளின் நெற்றியிலேயே உடையவள் பெயரை ஒட்டி வைத்திருக்கிறாள். எங்க அண்ணி என்று வேறு.

கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தவித்தது. நல்லெண்ணத்தில் செய்தாள் என்றால் ஒளித்துச் செய்வானேன்? மெட்ராஸ் போகிற பாட்டை ஆம்பூர்க் கடையில் ஓடவிட்டுக் கெடுப்பானேன்?

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. கேசட்டை மிஷினில் அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள்.

கோதண்டபாணி ஒல்லியான மனிதர். ரயில் புழுக்கத்திலும் கசங்காத சட்டை. சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டார், அளவாகப் பேசினார். கை கழுவியதும் பதிவு செய்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். சம்பத் பெருமையாக மாடிக்கு அழைத்துப் போனான். பின்னாலேயே காப்பியோடு ஏறிய கமலவேணி கதவருகே நின்றாள். கோணிப்பைச் சுவரை விரலால் தட்டிப் பார்த்துக் கோதண்டபாணி சிரித்தார்.

"கோணியைத் தொங்கவிட்டே எதிரொலியை அடக்கிட்டீங்களே. சார், அந்தப் பாலாத்து மணல் பாட்டைக் கேட்டு எங்க முதலாளி மூணு தடவை திருப்பிப் போடச் சொன்னார். எப்படி சார் வந்தது அந்த மெட்டு உங்களுக்கு?"

உங்களுக்கு.

கமலவேணியின் கையில் தட்டு அசையாமல் நின்றது. கணவன் திருத்தப் போகிறான் என்று காத்தாள். சம்பத் அவள் பக்கம் திரும்பவில்லை.

"அதுவா சார்... வேலூர்ல எங்க மாமியாரை ஆஸ்பத்திரியில சேத்திருந்தோம். ராத்திரி பூரா வராண்டாவுல உக்காந்திருந்தேன். விடியற நேரத்துல ஒரு ஆயாம்மா தரையைத் தண்ணி ஊத்திக் கழுவினாங்க. அந்தத் தண்ணி சத்தத்தைக் கேட்டுக்கினே இருந்தேன். அப்ப வந்திச்சு சார்."

அந்த வராண்டாவில் உட்கார்ந்திருந்தவள் கமலவேணி. படுத்திருந்தவள் அவளைப் பெற்றவள். சம்பத்துக்கு அன்று ஷிப்டு, அவன் வரவே இல்லை. ஊர் திரும்பிய பிறகு, அம்மா போய்ச் சேர்ந்த துக்கத்தில், இந்த மெட்டு எப்படி வந்தது தெரியுமா என்று ஒருநாள் அவனிடம் மட்டும் சொல்லி அழுதிருந்தாள்.

அந்தத் தண்ணீர்ச் சத்தத்தையும் எடுத்துக்கொண்டான்.

"அடேயப்பா," என்றார் கோதண்டபாணி. "சரி, நீங்க போன்ல சொன்னாப்பல குரலை மட்டும் மாத்திக்கிறோம். உங்க தங்கச்சி நல்லாத்தான் பாடறாங்க. ஆனா புதுக் குரல். கேசட் விக்காது. அவங்களுக்கு ஒண்ணும் மனவருத்தம் இல்லையே?"

"சேச்சே. சொல்லிட்டேன் சார். அது புரிஞ்சிக்கிச்சு."

மக்பூல் அகமது சொன்ன நாலு பக்கம் இப்போது கமலவேணிக்குத் தெரிந்தது. காலையிலிருந்து அவள் திரும்பிப் பார்க்காத பக்கம் ஒன்றே ஒன்றுதான். அது இஸ்திரி போட்ட சட்டையில் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது.

"கடைசியா ஒண்ணு சார்," என்றார் கோதண்டபாணி. "பாட்டு வெளியில எங்கயும் போகலையே?"

"போகல சார். இந்த ரூமைத் தாண்டல."

கமலவேணி காப்பியைக் கோதண்டபாணியிடம் கொடுத்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள். இரண்டடி எடுத்து வைத்து டேப் ரெக்கார்டரின் பக்கத்தில் நின்றாள். "கமலா" என்று சம்பத் கூப்பிட்ட குரலில் முதல் தடவையாகப் பயம் இருந்தது. அவள் கேசட்டை முதலுக்கு ஓட்டி, பட்டனை அழுத்தினாள்.

இரைச்சல். செருமல். வணக்கம். எங்க அண்ணி கமலவேணி எழுதி மெட்டுப் போட்டது.

தனகோடி எல்லாப் பெயரையும் சொல்லி முடித்தாள். கோதண்டபாணி காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கமலவேணிங்கிறது?"

"நான்தான். இந்தக் கேசட்டு பஸ் ஸ்டாண்டாண்ட கடையில விக்குது. காலையில வாங்கினேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு நாளாம்."

அவர் கோபிக்கவில்லை. தம்ளரைக் காலி செய்து தட்டில் வைத்தார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. யார் போட்ட மெட்டுங்கிறது உங்க குடும்ப விஷயம். ஆனா கடைக்கு வந்துட்ட பாட்டை நான் எடுத்துக்கிட்டுப் போனா என் வேலை போயிடும்." எழுந்து செருப்பு மாட்டும்போது சம்பத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஸ்டேஷனுக்கு நானே போய்க்கிறேன் சார்."

அவர் தெருமுனை திரும்பும் வரை சம்பத் ஜன்னலோரம் நின்றான்.

"போச்சு. உன் கையாலயே போட்டு ஒடைச்சிட்ட."

"என் பாட்டைத்தான் ஒடைச்சேன்."

"உன் பாட்டு, உன் பாட்டு. இந்த ரூமை யாரு கட்டினது? கோணியைத் தெச்சது யாரு? டேப்பு சுத்தி சுத்தி என் காது போச்சு. எனக்கு இதுல ஒண்ணுமே இல்லையா?"

"இருக்குது. தனம் உங்க பேரையும் சொல்லிச்சே. கேக்கல?"

சம்பத் ஜன்னலை விட்டுத் திரும்பினான்.

"பொம்பள போட்ட மெட்டுன்னா எவன் எடுப்பான்? உள்ள நொழைஞ்சிட்டு அப்புறம் சொல்லிக்கலாம்னு..."

"அப்புறம் எப்ப? நான் உக்காந்திருந்த வராண்டாவையும் அப்புறமா திருப்பிக் குடுத்திருப்பீங்களா?"

சம்பத் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே படியிறங்கிப் போனான். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தனகோடி வந்தாள். கைநிறைய வளைகாப்பு வளையல், தலையில் வாடிய கதம்பம். மாடியில் அண்ணி டேப் ரெக்கார்டர் எதிரே உட்கார்ந்திருப்பதையும் பக்கத்தில் கிடந்த கடைக் கேசட் உறையையும் பார்த்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உக்காரு," என்றாள் கமலவேணி.

"போன்ல அண்ணன் பேசினதைக் கேட்டேன், அண்ணி. கையெழுத்துப் போட டைம் ஆபீஸ் போனேன். மெட்டெல்லாம் என்னுதுதான் சார், குரலை எடுத்துடலாம்னு சொல்லிக்கினு இருந்தாரு. நான் ஃபைல் அலமாரிக்குப் பின்னாடி நின்னேன்." அவள் வளையலைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டாள். "அழிக்கச் சொல்லிக் குடுத்த டேப்பு எங்கிட்ட இருந்திச்சு. சாயந்திரம் சாயந்திரம் வாஹித் பாய் கடைக்குப் போயி, உங்க பேரை யாரும் எடுத்துடக் கூடாதுன்னு முன்னாடி பேசிச் சேத்தேன். மக்பூல் பாய்தான் கடை காட்டினாரு. ஆனா அவருக்கு மனசே இல்ல. உங்ககிட்ட சொல்லிடு, சொல்லிடுன்னாரு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? கட்டின புருஷனா, வந்து ஒட்டிக்கினு இருக்கற நாத்தனாரான்னு வந்தா, யாரைச் சந்தேகப்படுவீங்க?"

காய்ப்பையோடு நடந்து வந்த வழி முழுவதும் கமலவேணிக்கு நினைவு வந்தது. பொய் சொல்ல மனம் வரவில்லை. கை நீட்டித் தனகோடியைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

"போடு," என்றாள் தனகோடி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "முழுசாக் கேக்கவே இல்ல நான்."

கேசட்டின் இரண்டு பக்கமும் ஓடின. எட்டாவது பாட்டு முடிந்ததும் நிறுத்தக் கமலவேணி கையை நீட்டினாள். டேப்பில் டக்கென்று ஒரு சத்தம். பிறகு வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் குரல் மெல்ல முனகத் தொடங்கியது. தாழ்ந்த, கட்டைக் குரல். வரிகள் இல்லை, வெறும் மெட்டு.

"இது யாரு அண்ணி?"

கமலவேணி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை பகலில், வீட்டில் ஒருவரும் இல்லாதபோது, இந்த அறையில் உட்கார்ந்து அவள் தேடிக்கொண்டிருந்த மெட்டு அது. பாதிதான் வந்திருந்தது. யாரிடமும் பாடிக் காட்டவில்லை.

"நான்தான்," என்றாள். "நீ பதியலையா?"

"நானா? செவ்வாய்க்கிழமை நானும் அண்ணனும் ஃபேக்டரியிலதானே இருந்தோம்? நான் கடைக்குக் குடுத்தது எட்டே பாட்டு, அண்ணி. இது யாரோ பின்னாடி சேத்தது, சாமி சத்தியமா."

டேப் ஓடிக்கொண்டிருந்தது. முனகல் நின்றது. பாய் சுருட்டும் சத்தம், கதவு சாத்தும் சத்தம், படியிறங்கும் அவளுடைய கொலுசு. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.

அதன் பிறகு கதவு திறந்தது. மெல்லிய காலடி மைக்கை நோக்கி நெருங்கி வந்தது. ஓர் ஆண், தொண்டைக்குள் அடக்கி ஒருமுறை இருமினான்.

டக்.

கமலவேணிக்குத் தெரியாமல் மிஷினை ஓடவிட்டிருந்தவன், திரும்பி வந்து அதை நிறுத்திய சத்தம். தனகோடி அண்ணியின் கையைப் பிடித்தாள். சம்பத்தின் இருமல் எப்படி இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மக்பூல் அகமதுவின் இருமலும் தெரியும்.

இது இரண்டும் இல்லை.